டீ மாஸ்டர் காய்ச்சிய பால்

பால் விஷயத்தில் மாஸ்டருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பின்னால் நடந்ததை வைத்து அவரை யாரும் குறைத்து எடைபோட்டுவிடக் கூடாது. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில், பாய்லருக்கும் கல்லாவுக்கும் நடுவே ஒன்றரை ஆள் நிற்கக்கூடிய இடத்தில், இருபது வருஷமாக ஒற்றை ஆளாக நிற்கிறவர் அவர். மூடியைத் திறந்தால் பால் நேற்றையதா இன்றையதா என்று மூக்கு சொல்லிவிடும். கேனைச் சாய்த்தால், பால்காரர் எந்தத் தெருக் குழாயடியில் நின்று இளைப்பாறிவிட்டு வந்தார் என்பதைக் கண் சொல்லிவிடும். பொங்கப்போகும் பாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அது விளிம்பைத் தொடும் நேரத்தில் திரும்பாமலே கையை நீட்டித் தீயைக் குறைப்பார். இதைப் பார்த்துக்கொண்டே பேருந்தை விட்டவர்கள் உண்டு என்பார் முதலாளி. பேருந்தை விட்டவர்கள் இரண்டாவது டீ குடிப்பார்கள் என்பதால், அவர் பேச்சில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை ஞானத்துக்கும் அடியில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. காய்ச்சாத பால் கல்லாவைத் தாண்டக் கூடாது. வெள்ளம் வந்து கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற நாளிலும் ஸ்டவ்வைப் பெஞ்சு மேல் ஏற்றி வைத்துக் காய்ச்சித்தான் டீ போட்டார். நாடுகளுக்கு அரசியல் சாசனம் இருக்கிறது, அடிக்கடி திருத்துகிறார்கள். மாஸ்டர் தன்னுடையதை ஒருமுறைகூடத் திருத்தியதில்லை.

அவருடைய மனைவிக்குச் சட்டைக் கம்பெனியில் வேலை. காஜா எடுப்பது, அதாவது பித்தான் நுழைகிற ஓட்டையைச் சுற்றித் தைப்பது. ஊரில் பாதி ஆண்கள் மானத்தோடு நடமாடுவது தன்னால்தான் என்று அவர் அவ்வப்போது சொல்லிக்காட்டுவார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. எட்டாம் மாதம் தொடங்கிய கையோடு அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. கால் வீங்கி, கண்ணில் பூச்சி பறந்து, ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே வயிற்றைக் கிழித்து எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோவும் கொஞ்சமும்.

கடையில் இரண்டு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு கையால் எட்டிப் பிடித்துப் பழகிய மாஸ்டர், மகளைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். வாய் வழியாக வயிறு வரைக்கும் நூல்போல ஒரு குழாய். அது நழுவாமலிருக்கக் கன்னத்தில் பிளாஸ்திரி. காலில் ஊசி, ஊசியில் ட்ரிப். பக்கத்தில் ஒரு மானிட்டர், கடன்காரனைப் பார்த்ததுபோல் காரணமே இல்லாமல் கத்தும், பிறகு தானே அடங்கும்.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். "இப்போதைக்கு ட்ரிப்புலதான் ஓடுது. அம்மாவோட பால் குழாய் வழியா கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். பால் ஏற ஏற ட்ரிப்பை இறக்குவோம். ஆனா இவளுக்கு நரம்பு கிடைக்கவே மாட்டேங்குது. கை முடிஞ்சாச்சு, இப்போ கால். காலும் போச்சுன்னா தலையிலதான் குத்தணும். அதுக்குள்ள பால் ஏறிட்டா நல்லது."

மாஸ்டருக்குப் புரிந்தது. பால் வந்தால் ஊசி போகும். பால்தானே! அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். உலகத்தில் வேறு எந்தச் சரக்கைச் சொல்லியிருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பார்.

மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தவரைக்கும் சிக்கல் இல்லை. வார்டிலேயே உட்கார்ந்து கையால் பாலைப் பீய்ச்சி எடுப்பார், சின்ன டப்பாவில் பிடித்து நர்ஸ் கையில் கொடுப்பார், அது நேரே குழாய்க்குப் போய்விடும். ஆனால் பெரியாஸ்பத்திரிக் கட்டிலுக்கு வெளியே எப்போதும் இன்னொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தையல் பிரித்ததும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை, இரண்டு பேருந்து மாறி அலையக் கூடாது, வீட்டில் எடுத்து அனுப்புங்கள் என்றார் பெரிய சிஸ்டர். கொதிநீரில் போட்டு எடுத்த டப்பாக்களைக் கொடுத்தார். கை கழுவுவது எப்படி, மூடியை எப்படிப் பிடிப்பது, ஃபிரிட்ஜில் எந்தத் தட்டில் வைப்பது, ஐஸ் பெட்டியில் எப்படிக் கொண்டுவருவது என்று புருஷன் பெண்டாட்டி இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

மனைவி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். மாஸ்டர் ஒரு மரியாதையான புன்னகையோடு நின்றார். மீனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவர்களைப் பார்த்து மீன் அப்படித்தான் சிரிக்கும். எல்லாவற்றையும் சொன்ன பெரிய சிஸ்டர், காய்ச்சக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. தாய்ப்பாலை ஒருவர் அடுப்பில் ஏற்றுவார் என்பது அவருடைய இத்தனை வருஷ சர்வீஸில் தட்டுப்படாத யோசனை.

அன்று ராத்திரி மனைவி தூங்கவில்லை. அலாரம் வைத்து எழுந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வெந்நீர்த் துணியை ஒற்றி, அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கி. பிள்ளை வாய் வைத்தால் ஓடிவருகிற பால், டப்பாவைக் கண்டால் ஒளிந்துகொள்கிறது. ஒரு சொட்டு, பிறகு யோசித்து இன்னொரு சொட்டு. விரல் மரத்துப்போகும். நாள் முழுக்கக் காஜா எடுத்தாலும் இப்படி வலித்ததில்லை என்றார். முடிந்து கண்ணை மூடினால் அடுத்த மணி அடிக்கும். விடிந்தபோது ஃபிரிட்ஜில் மூன்று டப்பா இருந்தது. மூன்றையும் சேர்த்தால் அரை டீக்கு வராது. அதை எடுக்க அவர் பட்ட பாட்டில் ஒரு கல்யாண வீட்டுக்கே டீ போட்டிருக்கலாம்.

மனைவி உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். மாஸ்டர் சத்தமில்லாமல் ஃபிரிட்ஜைத் திறந்தார். டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

அடியில் நீலம் பாய்ந்த தண்ணீர், மேலே மஞ்சளாக ஒரு பட்டை. பால்காரர் இப்படி ஒன்றைக் கொண்டுவந்திருந்தால் கேனோடு பேருந்து நிலையம் வரை துரத்தியிருப்பார். திரிந்துவிட்டதோ? மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். திரியவில்லை. ஆனால் பச்சைப் பால். பச்சையாக, ஒரு ராத்திரி முழுக்க இருந்த பால். அதைக் கட்டைவிரல் அளவு வயிற்றுக்குள் அப்படியே விடுவதா? பேருந்து நிலையத்தில் போகிற வருகிற எருமைத் தடியன்களுக்கெல்லாம் காய்ச்சிக் கொடுத்தவன், பெற்ற மகளுக்குப் பச்சையாகக் கொடுப்பானா?

இருப்பதிலேயே சின்னப் பாத்திரத்தைத் தேய்த்து ஏற்றினார். ஊற்றியதும் அடி மறைந்தது, அவ்வளவுதான். தீயை மூட்டியதுமே கொதித்துவிட்டது. இறக்கி, இரண்டு டம்ளரில் ஆற்றினார். அளவு குறைச்சலாக இருந்ததால் உயரத்தைக் குறைத்துக்கொண்டார். அவ்வளவு விவேகம் அவருக்கு உண்டு. மேலே படிந்த ஆடையை ஸ்பூனால் வழித்து எடுத்துவிட்டார், குழாயில் அடைக்கக் கூடாதல்லவா? டப்பாவில் திரும்ப ஊற்றியபோது மூன்று இரண்டாகிவிட்டிருந்தது. இந்த இடத்தில் அவருடைய தொழில் வாழ்க்கையின் மிகப்பெரிய சோதனை வந்தது. பக்கத்திலேயே தண்ணீர்க் குடம். கடையில் என்றால் கையே செய்துவிடும், மனசுக்குச் சொல்லிக்கூட அனுப்பாது. மாஸ்டர் ஒரு சொட்டு சேர்க்கவில்லை. இந்தத் தியாகத்தை யாரும் பாராட்டவில்லை என்பதால் இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

குழந்தைகள் வார்டு வாசலில் செருப்பை விட்டு, கைபேசியை அணைத்து, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, பின்பக்கம் கட்டுகிற அங்கியை மாட்டிக்கொண்டு ஐஸ் பெட்டியை நீட்டினார். பெரிய சிஸ்டர் டப்பாவை எடுத்து ஆட்டினார். சுவரெல்லாம் பொடிப்பொடியாக ஒட்டியது. மூடியைத் திறந்தார். மூக்கைச் சுருக்கினார்.

"அப்பா, இதை என்ன பண்ணீங்க?"

அந்த வார்டில் எல்லா ஆணும் அப்பாதான். மாஸ்டருக்கு அந்த வார்த்தை இன்னும் பழகவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்.

"ஒண்ணும் பண்ணல சிஸ்டர். சுத்தமா காய்ச்சி, ஆத்தி, ஆடையெல்லாம் எடுத்துக் கொண்டாந்திருக்கேன். சொட்டுத் தண்ணி சேர்க்கல. எந்த லேப்ல வேணாலும் குடுத்துப் பாருங்க."

ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சின்ன சிஸ்டர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"காய்ச்சினீங்களா?"

"பச்சைப் பாலை எப்படி சிஸ்டர் குடுக்கறது? அதுவும் இத்தனூண்டு பிள்ளைக்கு?"

பெரிய சிஸ்டர் திட்டவில்லை. திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அவர் அப்போதுதான் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்து முடித்திருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாட்டுப் பாலுன்னா கொட்டகை, கேனு, வண்டி, பத்துப் பேர் கை. அதான் காய்ச்சறோம். இது எங்கயும் போகல, நேரா உங்க வீட்டம்மா கிட்ட இருந்து வருது. கிருமியோட மல்லுக்கட்டற ஆளுங்க எல்லாம் இதுக்குள்ளதான் இருக்காங்க. இந்தப் பிள்ளைக்குச் சொந்தமா அந்த ஆளுங்க கிடையாது, அம்மா அனுப்பினாத்தான் உண்டு. நீங்க அத்தனை பேரையும் கொதிக்க வச்சுக் கொண்டாந்திருக்கீங்க."

"ஆடை..."

"ஆடைன்னு எடுத்தீங்களே, அதோட கொழுப்பும் போயிருக்கும். எடை ஏற வேண்டிய பிள்ளை இது. ஏன், சர்க்கரை போடலையா?"

"இல்ல சிஸ்டர்," என்றார் மாஸ்டர். அது கேலி என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பெரிய சிஸ்டர் இரண்டு டப்பாவோடும் எழுந்து தொட்டிப் பக்கம் போனார். சாய்க்கப் போனவர் கொஞ்சம் நின்றார். "ராத்திரி பூரா உக்காந்திருப்பாங்க, இல்ல?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் ஊற்றிவிட்டார். இருபது வருஷத்தில் தன் கண்ணெதிரே பால் கொட்டப்படுவதை மாஸ்டர் அன்றுதான் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்.

வேறு தாய்மார்கள் கொடுத்த கொடைப்பாலாக ஆஸ்பத்திரியில் இருந்தது கொஞ்சம்தான். அதை நாலு கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பங்கு போட்டார்கள். அன்றைக்கு ஏற்ற வேண்டிய பாலை ஏற்ற முடியவில்லை. ட்ரிப்பை இறக்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் கால் நரம்பும் வீங்கிவிட்டது. மாஸ்டரை வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்ப உள்ளே விட்டபோது மகளின் தலையில், காதுக்கு மேலே, ஒரு சட்டைப் பித்தான் அளவுக்கு முடியை மழித்து அங்கே ஊசியை ஒட்டியிருந்தார்கள். அவள் அழுது முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலும் உதடு மட்டும் எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கடையில் பால் பொங்கி வழிந்தது. அடுப்பு அணைந்து, புகை கிளம்பி, கூட்டம் வாய்பிளந்தது.

"என்ன மாஸ்டர், கண்ணு தெரியலையா?" என்றார் முதலாளி.

"முதுகைத்தானே காட்டிட்டு நிப்பேன்," என்றார் மாஸ்டர். "முதுகுக்குத்தான் இன்னைக்குத் தெரியல."

வீட்டுக்குப் போகிற பேருந்தில் மூன்று விதமான விளக்கம் தயார் செய்தார். ஐஸ் உருகிவிட்டது என்பது ஒன்று. நர்ஸ் கைதவறிப் போட்டுவிட்டார் என்பது இரண்டு. இரண்டாவது நன்றாகத்தான் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்த அந்த முகம் நினைவுக்கு வந்ததும் அதுவும் சரிந்தது. மூன்றாவது உண்மை. அதைச் சொல்வதற்கு வாக்கியம்தான் கிடைக்கவில்லை.

மனைவி விளக்கடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். கால் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"பாப்பா நல்லா இருக்கா."

"அதைக் கேக்கலங்க. சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்."

"பால் வந்து..."

"காய்ச்சிட்டீங்க."

மாஸ்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். "யாரு சொன்னா?"

"பாத்திரம் சொல்லுச்சு. அடிப்பிடிச்ச பாத்திரமும் ஆடை ஒட்டின ஸ்பூனும் தொட்டியில கிடக்கு. கடையிலயே பார்த்துச் சலிச்சுப்போச்சுன்னு இந்த வீட்டுல பாலே வாங்க விடமாட்டீங்க. அப்புறம் அது யாரு பாலு? எந்திரிச்ச உடனே ஃபோன் பண்ணேன். பண்ணேன், பண்ணேன், அணைச்சு வச்சிருந்தீங்க."

"உள்ள அணைக்கச் சொல்லுவாங்க..." என்று இழுத்தவர், நிறுத்திக்கொண்டார். "என்னைத் திட்டேன்."

"திட்டத் தெம்பில்லங்க. இருக்கற தெம்பையெல்லாம் இந்த டப்பாவுல பிடிக்கணும்." டப்பாவைக் காட்டினார். அடி மறையவில்லை. "அதுவும் நின்னு போகுது. மத்தியானத்துல இருந்து இவ்வளவுதான்."

அப்போதுதான் மாஸ்டர் தலை ஊசியைப் பற்றிச் சொன்னார். எந்தப் பக்கம், எவ்வளவு முடி என்று கையால் காட்டினார். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஒரு நாளில் ஒரு பொய்கூடச் சொல்லாதவர் என்ற பெயராவது மிஞ்சட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. மனைவி தன் சேலை முந்தானையில் ஒரு நூலைப் பிடித்து வெகுநேரம் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நான் வரேன்."

"ப்ரஷர் இருக்கே. அலையக் கூடாதுன்னாங்களே."

"இங்க உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கறதுலதான் அது ஏறுது. அண்ணனை வண்டி கொண்டாரச் சொல்லுங்க."

காலையில் மச்சான் வாடகைக் காரோடு வந்தார். தங்கையைப் பின் இருக்கையில் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்துப் பவ்யமாகக் கேட்டார்.

"மாப்பிள்ளை, ஏலக்காய் தட்டிப் போட மறந்துட்டீங்களாமே?"

"அண்ணா, சும்மா ஓட்டு," என்றார் பின்னாலிருந்து தங்கை. பாதி வழி போனதும் அவரே, "இஞ்சியும்தான் போடல," என்றார். காருக்குள் மூன்று பேரும் சிரித்தார்கள். மூன்று பேருக்கும் தூக்கம் போதாததால் சிரிப்பு அரைகுறையாகத்தான் வந்தது. மாஸ்டர் கடைசியாகச் சிரித்து முதலில் நிறுத்தினார்.

பெரிய சிஸ்டர் மனைவியைக் கண்டதும் முதலில் கையில் பட்டியைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார், பிறகு சண்டை போட்டார். "வரக் கூடாதுன்னு யாருக்குச் சொன்னேன்? சுவத்துக்கா?" என்றார். அப்புறம் அவரே சாய்வு நாற்காலியை இழுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டார். "காலைத் தூக்கி வச்சுக்கோங்க. கையைக் கழுவிட்டு உள்ள விட்டுத் தொடுங்க. தொட்டுட்டு எடுத்துப் பாருங்க."

பெட்டியின் வட்டச் சன்னல் வழியாகக் கை உள்ளே போனது. விரல் நுனி, மழித்த இடத்தின் ஓரம் வரை போய், அதைத் தொடாமல், நெற்றியில் நின்றது. குழந்தை ஒரு கண்ணைத் திறந்து, பெரிதாக ஒன்றும் கண்டுகொள்ளாமல் மூடிக்கொண்டது. தடுப்புத் துணிக்குப் பின்னால் மனைவி டப்பாவைப் பிடித்தபோது, ராத்திரியெல்லாம் சொட்டுச் சொட்டாகப் பேரம் பேசிய பால், கேட்காமலே வந்தது. டப்பாவின் பாதி தாண்டியது. மனைவி அதைப் பார்த்து அழுதார். சின்ன சிஸ்டர், "அழுதுட்டே எடுங்கம்மா, நிறுத்திடாதீங்க," என்றார்.

பிஸ்டனைக் கழற்றிய சிரிஞ்சைக் குழாயின் முனையில் பொருத்திய பெரிய சிஸ்டர் சுற்றிலும் பார்த்தார். இரண்டு மானிட்டர்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன.

"அப்பா, இங்க வாங்க. இதைப் பிடிங்க."

"நானா?"

"ஆமா. நேத்து கொதிக்க வச்சதுக்கு இன்னைக்குத் தண்டனை. நேரா பிடிக்கணும். தள்ளக் கூடாது, தானா இறங்கணும். உயரமா பிடிச்சா வேகமா இறங்கிடும், பிள்ளை கக்கிடும். மூச்சு வாங்கினாளோ நிறம் மாறினாளோ உடனே கீழ இறக்கிட்டு என்னைக் கூப்பிடுங்க."

மாஸ்டர் சிரிஞ்சை வாங்கினார். பாலை ஊற்றினார்கள், எட்டு மில்லி. கையில் பால் வந்ததும், இருபது வருஷமாகத் தனக்குத் தெரிந்த பாதையில் கை தானாக மேலே ஏறத் தொடங்கியது.

"கீழ! கீழ! இது டீ இல்ல!"

கை தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. பிள்ளையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நடுங்காமல் நின்றது. இரண்டு டம்ளருக்கும் நடுவே ஒரு கஜம் விட்டு உலகத்தையே வேடிக்கை பார்க்கவைத்தவர், இப்போது ஒரு சாணில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பால் இறங்குகிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. சிரிஞ்சில் இருந்த ஒரு கறுப்புக் கோட்டை முறைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்துப் பால் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தது. கடையில் இதற்குள் ஒரு பேருந்துக் கூட்டத்தையே டீ கொடுத்து அனுப்பியிருப்பார்.

டாக்டர் சுற்று வந்தார். வயிற்றை விரலால் தொட்டுப் பார்த்தார், சிரிஞ்சைப் பார்த்தார். "இது தங்கட்டும். இதே மாதிரி வந்துட்டே இருந்தா, தலையில இருக்கறதுதான் கடைசி ஊசி. வேற இடம் தேட வேண்டியிருக்காது," என்றார். அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். மாஸ்டர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தலையை ஆட்டினால் கை அசையும்.

மனைவியிடம் சொல்லலாம் என்று கண்ணை மட்டும் திருப்பினார். அவர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிப்போயிருந்தார். ஒரு கை இன்னும் பெட்டியின் சன்னலுக்குள்ளேயே இருந்தது.

"கை வலிச்சா சொல்லுங்கப்பா, நான் பிடிக்கறேன்," என்றார் பெரிய சிஸ்டர் கடந்து போகையில்.

"இருபது வருஷம் ஆத்தின கை சிஸ்டர்."

பால் இன்னொரு கோடு இறங்கியது.

"சிஸ்டர்."

"என்னப்பா?"

"வலிக்குது."

"குடுங்க, மாத்திப் பிடிக்கறேன்."

"வேண்டாம்," என்றார் மாஸ்டர், கண்ணை எடுக்காமல். "சும்மா சொன்னேன். இன்னும் ஒரு கோடு இருக்கு."